வக்கீலும் ராஜ்யாதிகாரமும்

ஆண்டுதோறும் மே மாதம் 23-ந் தேதியன்று, தென் கொரியாவின் தென்கிழக்கிலுள்ள பொங்ஹா என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். 2009-ம் வருஷத்தில் அத்தினத்தன்று உயிர் நீத்த ரோ மூ-ஹியூன் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தவே அவர்கள் வருகிறார்கள். ஐந்து வருஷ காலம் அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர் அவர். அதற்கு முன்னர் பூசான் நகரத்து வக்கீல். அரசாங்கத்தை எதிர்த்து வாதாடிய வக்கீலின் கையிலேயே அரசாங்கம் வந்து சேருமானால் என்ன நேரும்? அவருடைய வாழ்க்கையே இக்கேள்விக்கு விடை. அவ்விடை முழு வெற்றியுமன்று, முழுத் தோல்வியுமன்று. ஆகையினாலேயே அதை ஆராய்வது நமது கடமையாகிறது.

ரோ 1946-ம் வருஷத்தில் ஓர் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். வர்த்தக உயர்தரப் பள்ளியோடு அவர் படிப்பு முடிந்தது. சர்வகலாசாலையை அவர் மிதித்ததில்லை. தாமே சட்டம் கற்று, 1975-ல் கடினமான சட்டப் பரீட்சையில் தேறினார். 1977-ல் தேஜோன் நகரில் நீதிபதியானார். ஒரு வருஷத்திற்குள் அப்பதவியை விட்டு, 1978-ல் பூசானில் வக்கீல் தொழில் தொடங்கினார். வரி வழக்குகளில் பணம் தாராளமாக வந்தது. பாய்மரப் படகு ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இத்தகைய வக்கீல்கள் எந்நாட்டிலும் உண்டு. அவர்களை நாம் பழிக்கவில்லை. தேசத்தின் துயரம் தம் வீட்டு வாசற்படியை மிதிக்கும்வரை பெரும்பாலான மனிதர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

1981-ல் அத்துயரம் அவர் வாசலுக்கு வந்தது. அப்போது சுன் டூ-ஹ்வான் என்னும் ராணுவத் தலைவரின் கொடுங்கோலாட்சி நடந்துவந்தது. பூசானில் புஸ்தகம் படித்து விவாதித்துவந்த மாணவர், உபாத்தியாயர் முதலிய 22 பேரை வாரன்ட் இல்லாமலே போலீஸார் பிடித்துச் சென்றனர். வாரக்கணக்கில் மறைத்து வைத்துச் சித்திரவதை செய்தனர். தேசப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தனர். சிறையில் அவ்விளைஞர்களின் உடலிலிருந்த காயங்களைக் கண்டார் ரோ. வரி வழக்கு வக்கீல் அன்றோடு மறைந்தார். வழக்கு அப்போது தோற்றது. ஆனால், 33 வருஷங்களுக்குப் பிறகு, 2014-ல், அவர்களில் ஐவர் நிரபராதிகளென்று கொரியாவின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர்களுடைய வக்கீல் உயிரோடு இல்லை.

1987-ல் தேவூ கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டான். அச்சாவின் உண்மையை விசாரிக்கச் சென்ற ரோவை, தொழில் தகராறில் அந்நியர் தலையிட்ட குற்றமென்று சொல்லிச் சிறையிலிட்டார்கள். சில வாரங்களில் வெளிவந்தார். ஆனால் தொழில் செய்யும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. கோர்ட்டின் கதவு அடைபட்டதும் சட்டசபையின் கதவு திறந்தது. கிம் யங்-சாம் அழைப்பை ஏற்று, 1988-ல் பூசானிலிருந்து அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சர்வாதிகார காலத்து ஊழல்களைப் பற்றிய விசாரணையில் பெருமுதலாளிகளையும் அதிகாரிகளையும் அவர் குறுக்கு விசாரணை செய்ததைத் தேசமே டெலிவிஷனில் பார்த்தது.

இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. 1990-ல் கிம் யங்-சாம் தமது கட்சியை ஆளுங்கட்சியோடு இணைத்துவிட்டார். உடன் சென்றிருந்தால் ரோவுக்கும் பதவி நிச்சயம். அவர் செல்லவில்லை. அதன் பலன், 1992-ல் தோல்வி. 1995-ல் பூசான் மேயர் தேர்தலில் தோல்வி. 1996-ல் ஸோலில் தோல்வி. 1998-ல் ஸோல் நகரின் ஜோங்னோ தொகுதியில் ஓர் இடைத்தேர்தலில் வென்றார். அந்த இடத்தையும் விட்டு, மாகாணத் துவேஷத்தை உடைப்பேன் என்று 2000-ல் மறுபடி பூசானுக்கே சென்று, மறுபடி தோற்றார். ஜனங்கள் அவரை 'முட்டாள் ரோ' என்றார்கள். அப்பெயரில் ஏளனத்தைவிட அன்பே அதிகம். அந்த அன்பே 2002 டிசம்பர் 19-ல், சுமார் 2 சதவிகித வோட்டு வித்தியாசத்தில், அவரை ஜனாதிபதியாக்கியது.

பதவியேற்று ஒரு வருஷம் கழிவதற்குள் சங்கடங்கள் சூழ்ந்தன. தமக்கு வேண்டிய கட்சிக்கு ஜனங்கள் ஆதரவளிக்க வேண்டுமென்று அவர் பேசியதை முக்கியமான குற்றமாக்கி, 2004 மார்ச் 12-ல் தேசிய சபை 193 வோட்டுக்களால் அவரைப் பதவியினின்று நிறுத்திவைத்தது. அவர் தெருவில் கலகம் மூட்டவில்லை. சட்டத்துக்குத் தலை வணங்கி ஒதுங்கியிருந்தார். ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஜனங்கள் அவருடைய கட்சிக்கு 299-ல் 152 ஸ்தானங்களை அளித்தார்கள். மே 14-ல் அரசியல் சட்டக் கோர்ட், தவறு உண்டு, ஆனால் பதவியைப் பறிக்குமளவு பெரிதன்று என்று தீர்ப்புக் கூறியது.

இனி வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். 1948 முதல் ஜேஜு தீவில் சர்க்கார் படைகள் நிகழ்த்திய படுகொலைக்காக, 2003-ல் தேசத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். பழைய அக்கிரமங்களை விசாரிக்க 2005-ல் கமிஷன் அமைந்தது. கிரிமினல் வழக்குகளில் பொது ஜனங்கள் ஜூரர்களாக அமரும் சட்டம் 2007-ல் நிறைவேறியது. இவை வரவு. செலவோ சிறிதன்று. அவரை ஆதரித்த இளைஞர்கள் தெருவில் நின்று தடுத்தும், ஈராக்குக்கு ஆயிரக்கணக்கான துருப்புக்களை அனுப்பினார். 2005 நவம்பரில் ஸோலில் நடந்த குடியானவர் ஆர்ப்பாட்டத்தைப் போலீஸார் அடக்கியதில் இருவர் மாண்டனர். ஒரு தொழிலாளியின் சாவை விசாரிக்கச் சென்று சிறை புகுந்தவரின் ஆட்சியிலேயே இது நடந்தது! அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்; போலீஸ் தலைவர் ராஜினாமாச் செய்தார். மாண்டவர் மீளவில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. 1981-ல் தம் கட்சிக்காரர்களை வதைத்த அதே தேசப் பாதுகாப்புச் சட்டத்தை ரத்து செய்ய 2004-ல் முயன்றார். சபையில் மெஜாரிட்டி இருந்தும் முடியவில்லை. ஜப்பானியர் கொரியாவை அடக்க வைத்திருந்த சட்டத்தின் வழியில் 1948-ல் பிறந்த அச்சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது.

அவருடைய முடிவுக்கு வித்தான விஷயம் இன்னொன்று உண்டு. அக்காலத்தில் கொரியாவில் அரசாங்கப் பிராசிக்யூட்டர்களே குற்றத்தைத் துப்பறிந்தார்கள்; அவர்களே வழக்கும் தொடுத்தார்கள். எதிரிகளை ஒழிக்க அதிகாரத்திலிருந்தவர்களுக்கு அது கூரிய வாளாக உதவிற்று. ரோ அந்த வாளைத் தொட மறுத்தார். 2003-ல் அவர்களுடைய விசாரணையில் அவருடைய சொந்த சகாக்களே சிறை சென்றபோதும் அதைத் தடுக்கவில்லை. இது உயர்ந்த குணம். ஆனால் உறையிலிட்ட வாள் உறையிலேயே கிடக்குமென்று நம்பியது பிழை. அந்த அதிகாரத்தைப் பிரித்து, கட்டுப்படுத்தும் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

2008 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்து கிராமம் திரும்பினார். மறு வருஷமே, அவர் குடும்பத்தார் ஒரு தொழிலதிபரிடம் பணம் பெற்றதைப் பற்றி விசாரணை எழுந்தது. பணம் வாங்கப்பட்டதற்காக ரோ ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அது லஞ்சம் என்பதை மறுத்தார். வழக்கு கோர்ட்டுக்கு வருமுன்பே பத்திரிகைகளில் தினந்தோறும் நடந்தது. ஏப்ரல் 30-ல் அவரைப் பிராசிக்யூட்டர்கள் விசாரித்தார்கள். மே 23-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வழக்கு மூடப்பட்டது. அவர் குற்றவாளி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. களங்கமற்றவர் என்று நிரூபிக்கும் சந்தர்ப்பமும் அவருக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகை நடத்தும் நாம் இதை வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம். பிராசிக்யூட்டரின் காதோடு காதான சொல்லைத் தீர்ப்பென்று அச்சிடும் பத்திரிகை, எந்த நாட்டிலாயினும், நியாயஸ்தலத்தின் வேலையைத் திருடுகிறது.

அவரோடு பூசானில் தொழில் செய்த மூன் ஜே-இன் 2017-ல் ஜனாதிபதியானார். 2022-ல் அப்பதவிக்கு வந்த யூன் சுக்-யோல் முன்னாள் பிராசிக்யூட்டர். அவர் 2024 டிசம்பர் 3-ந் தேதி இரவு ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தபோது, ஜனங்கள் சபை வாசலில் திரண்டனர். அங்கத்தினர்கள் சில மணி நேரத்தில் அதை ரத்து செய்தனர். 2025 ஏப்ரல் 4-ல், ரோவைக் காத்த அதே கோர்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆட்கள் மாறினர், சட்டத்தின் அளவுகோல் மாறவில்லை. ரோ 63 நாள் மௌனமாக ஒதுங்கியிருந்து காப்பாற்றிக் கொடுத்த மரியாதைக்கு இதில் பங்குண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

நல்லவர் ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டால் சுதந்திரம் பத்திரமாகிவிடும் என்று நினைக்கும் தேசபக்தர்கள் இந்தச் சரித்திரத்தைப் படிக்கட்டும். நல்லவருக்கும் பதவிக்காலம் உண்டு. அவர் தொட மறுத்த ஆயுதத்தை அடுத்தவர் எடுக்கத் தயங்கமாட்டார். ஆகவே, நம்மவர் அதிகாரத்தில் இருக்கும்போதே அடக்குமுறைச் சட்டங்களை ஒழித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர், அந்தச் சட்டத்தைத் தம் சந்ததிகளுக்குச் சீதனமாக விட்டுச் செல்கிறார்.