பில்ட் பண்ணத் தெரிஞ்சவன் லீவு போட்டா?

ரெண்டாவது ரிவ்யூ அன்னைக்கு காலையில எட்டே முக்கால். லேப் வாசல்ல நாங்க மூணு பேர் நிக்கிறோம். டீம்ல நாலாவது ஆளுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், வீட்டுல படுத்திருக்கான். "பரவாயில்ல, கோட் எல்லாம் கிட்ஹப்லதான இருக்கு, நம்ம லேப்டாப்ல ஓட்டிக் காட்டிடலாம்"னு நான்தான் தைரியமா சொன்னேன்.

ஒன்பதரை வரைக்கும் மூணு லேப்டாப்லயும் ஓடல. ஒண்ணுல ஒரு ஜார் ஃபைல் இல்ல. இன்னொண்ணுல ஜாவா வெர்ஷன் பழசு. என்னோடதுல கம்பைல் ஆச்சு, ஆனா ரன் பண்ணதும் டேட்டாபேஸ் டிரைவர் கிடைக்கலன்னு விழுந்துடுச்சு. போன் போட்டா, அவன் இருமிக்கிட்டே சொல்றான்: "எக்லிப்ஸ்ல ப்ராஜெக்ட் மேல ரைட் கிளிக் பண்ணு, பில்ட் பாத் போ, அதுல எக்ஸ்டர்னல் ஜார்... இரு மச்சி, அந்த ஜார் என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லல்ல இருக்கு."

ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ரிவ்யூவை ஒப்பேத்தினோம். கைடு மேடம் திட்டல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அப்போ இது டீம் ப்ராஜெக்ட்டா, அந்தப் பையனோட ப்ராஜெக்ட்டா?"

அன்னைக்குப் புரிஞ்சது இதுதான். எங்க ப்ராஜெக்ட்டோட பில்ட் டூல் மேவனும் இல்ல, கிரேடிலும் இல்ல. ஒரு மனுஷன். அவனுக்குக் காய்ச்சல் வந்தா ப்ராஜெக்ட்டுக்கும் காய்ச்சல்.

இது புதுப் பிரச்சனை இல்ல. 1976-ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' எழுதினதுக்குப் பின்னாடி இருக்கற கதையும் நமக்கு ரொம்பப் பழக்கமான கதைதான். அவர்கூட வேலை பார்த்த ஒருத்தர், ஒரு ப்ரோக்ராம்ல பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே தொலைச்சார். பிழையை அவர் ஏற்கனவே திருத்தியாச்சு. திருத்தின ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணாததால, பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே ஓடிக்கிட்டு இருந்துச்சு. எது மாறியிருக்கு, எதை மறுபடி கம்பைல் பண்ணணும்னு மனுஷன் ஞாபகம் வச்சுக்கக் கூடாது, மெஷின் வச்சுக்கணும். மேக்கோட மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். ஃபைலோட நேரத்தைப் பார்த்து, மாறினதை மட்டும் மறுபடி பில்ட் பண்ணும்.

அந்த மேக் ஃபைல்ல கமாண்ட் வரி டேப்லதான் ஆரம்பிக்கணும், ஸ்பேஸ் வச்சா எரர். இதை மாத்தலாம்னு தோணினப்போ ஏற்கனவே ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்திட்டு இருந்தாங்களாம். அவங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம்னு ஃபெல்ட்மேன் அப்படியே விட்டுட்டார். ஐம்பது வருஷமா உலகம் அந்த டேப்போட மாரடிச்சுட்டு இருக்கு. பில்ட்ல முதல் வாரம் எடுக்கற சோம்பேறி முடிவு ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் கூடவே வரும்.

அப்புறம் 2000-ல ஜாவா உலகத்துல ஆன்ட் வந்துச்சு. டேப் தொல்லை இல்ல, விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஒரே மாதிரி ஓடும். ஆனா ஒவ்வொரு படியையும் எக்ஸ்எம்எல்ல நாமளே எழுதணும். 2004-ல மேவன் 1.0 வந்துச்சு. 'நீ படிகளைச் சொல்லாத, ஃபைலை நான் சொல்ற இடத்துல வை, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்' என்பது அதோட குணம். தேவையான லைப்ரரிகளை அதுவே இன்டர்நெட்ல இருந்து எடுத்துக்கும். 2012-ல கிரேடில் 1.0. அதுல பில்ட் ஃபைலே ஒரு சின்ன ப்ரோக்ராம். க்ரூவியிலயோ கோட்லின்லயோ என்ன வேணா எழுதலாம். 2015-ல கூகுள் தன் உள் டூலை பேஸல்ங்கிற பேர்ல வெளியே விட்டுச்சு.

இந்த வரிசையைப் பார்த்து நாம பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. போன் வாங்கற மாதிரி, கடைசியா வந்தது பெஸ்ட்னு நினைச்சுக்கறோம். நானும் அதைத்தான் பண்ணேன்.

ரிவ்யூ முடிஞ்ச வார இறுதியில, ரோஷத்துல உக்காந்து மொத்த பேக்எண்டையும் கிரேடிலுக்கு மாத்தினேன். இனிமே ஜார் ஃபைலை கிட்ல போடவே கூடாதுன்னு, கிட்இக்னோர்ல எல்லா ஜாரையும் தடுத்து ஒரு வரி சேர்த்தேன். கிரேடில் ரேப்பர்னு ஒண்ணு இருக்கு. அது இருந்தா டீம்ல யாரும் கிரேடிலைத் தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம், சரியான வெர்ஷனை அதுவே இறக்கிக்கும். அந்த ரேப்பரும் ஒரு ஜார்தான். நான் போட்ட வரி அதையும் தடுத்துடுச்சு. என் லேப்டாப்ல ஜோரா ஓடுது, மத்த மூணு பேருக்கும் ரேப்பர் கிளாஸே கிடைக்கலன்னு எரர். எங்க தோழி கேட்டா: "உன் லேப்டாப்ல மட்டும் ஓடறதுக்கு நாங்க எதுக்குடா டீம்ல?"

அதை ஒரே வரியில சரி பண்ணிட்டேன். ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவ ஒரு லைப்ரரி சேர்க்கணும்னு பில்ட் ஃபைலைத் திறந்தா. உள்ள நான் ஆசை ஆசையா எழுதி வச்ச டாஸ்க், லூப், இஃப் கண்டிஷன் எல்லாம் இருக்கு. "இது பில்ட் ஃபைலா, இல்ல இன்னொரு ப்ராஜெக்ட்டா?"ன்னு கேட்டுட்டு மூடிட்டா. குத்தம் கிரேடில் மேல இல்ல. அது குடுத்த சுதந்திரத்தை வச்சு, காய்ச்சல்காரன் இருந்த இடத்துல நான் போய் உக்காந்துட்டேன். அவ்வளவுதான் மாறியிருந்துச்சு.

ஓட்டெடுப்பு வச்சோம். மூணுக்கு ஒண்ணுன்னு தோத்தேன். மேவனுக்கு மாறினோம். இப்போ யோசிச்சா அவங்க மூணு பேரும் சொன்னதுதான் சரி.

மேவன் ஃபைல் நீளம், பார்க்கவே போர் அடிக்கும். ஆனா அந்த போர்தான் நமக்கு லாபம். எந்த மேவன் ப்ராஜெக்ட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் கோட் அதே ஃபோல்டர்ல இருக்கும், அதே கமாண்ட்ல பில்ட் ஆகும். அதுல புத்திசாலித்தனத்தைக் காட்ட இடம் கம்மி. அதனால ஒருத்தருக்குத் தெரிஞ்சது நாலு பேருக்கும் தெரியுது. ஜாவாவை மட்டும் நாமளே போட்டுக்கணும். எந்த வெர்ஷன்னு ரீட்மீயோட முதல் வரியா எழுதி வச்சோம்.

"கிரேடில் வேகமாச்சே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். மாறாத வேலையை அது திரும்பச் செய்யாது, பழைய பில்டோட முடிவை எடுத்துப் பயன்படுத்திக்கும். நூறு மாட்யூல் இருக்கற கம்பெனிக்கு அது தினமும் பல மணி நேர மிச்சம். எங்களுக்கு இருந்தது நாப்பது சொச்சம் ஜாவா ஃபைல். டீ வாங்கப் போற நேரம்கூட ஆகாது.

அதனால ஒப்பீடே வேண்டாம்னு நான் சொல்லல. எடத்துக்கு ஏத்த டூல்னு ஒண்ணு இருக்கு. ஆண்ட்ராய்டு ஆப்னா விவாதமே இல்ல, கிரேடில்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவே அதோடதான் வருது. பத்து சி ஃபைல் வச்ச எம்பெடட் ப்ராஜெக்ட்டா? மேக் போதும். பல மொழியில ஆயிரக்கணக்கான ஃபைல், எல்லாம் ஒரே ரெப்போவுலன்னா பேஸல் அதோட விலைக்குத் தகும். ஆனா எது எதை நம்பியிருக்குன்னு ஒவ்வொண்ணையும் அதுல எழுதி வைக்கணும், அதைப் பாத்துக்கவே ஆள் வேணும். நாலு பேர் டீமுக்கு அது கொசு அடிக்க பீரங்கி.

இன்னொரு கேள்வி: "ரெஸ்யூமேல பேஸல்னு போட்டா வெயிட்டா இருக்குமே?" இருக்கும். ஆனா இன்டர்வியூல அடுத்த கேள்வி 'ஏன் அதை எடுத்தீங்க?'ன்னுதான் வரும். அதுக்கு 'ஃபாஸ்ட் சார்'ங்கிறது பதிலே இல்ல. எங்க ஓட்டெடுப்புக் கதையைச் சொன்னா பத்து நிமிஷம் ஓடும்.

டூலைவிட முக்கியமா நாங்க செஞ்ச வேலை இன்னொண்ணு. கோட் புஷ் பண்ணும்போதெல்லாம் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல பில்ட் ஆகற மாதிரி வச்சோம். ஜென்கின்ஸும் யோசிச்சோம். பழைய, பலமான டூல். ஆனா அதுக்கு ஒரு சர்வர் வேணும், அந்த சர்வரைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். மறுபடியும் ஒரு ஆள்! ஆக்‌ஷன்ஸ்ல பப்ளிக் ரெப்போவுக்குக் காசும் இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு மெஷின்ல ஓடுது. அதுக்கு யாரோட டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் தெரியாது.

முதல் தடவையே சிவப்பு காட்டுச்சு. ஒரு கான்ஃபிக் ஃபைலோட பேர்ல முதல் எழுத்து பெரிய எழுத்து, கோட்ல சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. எங்க நாலு லேப்டாப்பும் விண்டோஸ். சர்வர்ல ஏத்தற அன்னைக்குத்தான் இது தெரிஞ்சிருக்கும்.

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-ல ஒரு சாஃப்ட்வேர் டீமை எடைபோட 12 கேள்விகள் எழுதினார். அதுல ரெண்டாவது, ஒரே படியில பில்ட் பண்ண முடியுமாங்கறது. எந்த டூல்னு அந்தக் கேள்வி கேக்கல. கவனிங்க.

ஜூனியர்ஸ், உங்க முதல் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு சோதனை வச்சுப் பாருங்க. டீம்ல கோடிங் பக்கமே அதிகம் வராத ஆள்கிட்ட ரெப்போ லிங்க்கை மட்டும் குடுங்க. அவங்க லேப்டாப்ல, அவங்க கையால ஓட்டட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க, கீபோர்டைத் தொடாதீங்க, வாயும் திறக்காதீங்க. ஓடினா உங்க டூல் சரியான டூல். ஓடலைன்னா அது எவ்வளவு பெரிய டூலா இருந்தாலும் உங்களுக்கு உதவல.

மூணாவது ரிவ்யூவுக்கு நாலு பேரும் வந்திருந்தோம். ரிப்போர்ட் எழுதற தோழிதான் லேப் சிஸ்டத்துல க்ளோன் பண்ணி ஓட்டிக் காட்டினா. காய்ச்சல்காரன் கடைசி பெஞ்சுல கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தான். மேடம் இந்தத் தடவையும் ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கும் எங்களுக்குப் பதில் தெரியல. ஆனா அது பில்ட் பத்தின கேள்வி இல்ல.