பாசி பிடித்த மீன் தொட்டி: குற்றவாளி யார்?

புதிதாக மீன் தொட்டி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் இரண்டு வாரம் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படியும். ஒரு மாதத்தில் எல்லாம் பச்சை. கடைக்குப் போய்ச் சொன்னால் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று, பாசி மருந்து பாட்டில். இல்லாவிட்டால் "டேங்க் கிளீனர்" என்ற கருப்பு மீன். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வீண் செலவு. அதிலும் அந்த மீன், வீட்டுக்கு வெளியே இருக்கும் குளத்துக்கும் சேர்த்து வேட்டு வைக்கிறது.

பாசி என்பது நோய் அல்ல. செடிக்கு என்ன வேண்டுமோ அதுதான் பாசிக்கும் வேண்டும்: வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். தொட்டியை ஒரு கணக்கு நோட்டாக நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. போடுகிற தீனி வரவு. செடி உறிஞ்சுவதும், தண்ணீர் மாற்றும்போது வெளியே போவதும் செலவு. வரவு கூடி செலவு குறைந்தால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தில்தான் பாசி வளர்கிறது.

நெய்க்காரப்பட்டி மாதிரி ஊர்களில் இந்த மிச்சம் சீக்கிரமே சேர்ந்துவிடும். வருடத்தில் பெரும்பாலான நாள் நல்ல வெயில். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று தொட்டியை முன் அறையில் ஜன்னல் பக்கத்திலேயே வைப்பார்கள். போர் தண்ணீரோ கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற, உரம் போடுகிற வயல்களுக்கு நடுவிலிருந்து வருவது. அதில் நைட்ரேட் ஏற்கனவே கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மீனே இல்லாத தொட்டியில் கூட பாசி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெஸ்ட் கிட் வாங்கி ஒரு முறை போர் தண்ணீரைப் பார்த்துவிட்டால், தப்பு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது, வந்திருப்பது எந்தப் பாசி என்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்பது காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான்.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படிவம் டையாட்டம் வகை. விரலால் தேய்த்தாலே போய்விடும். சில வாரங்களில் தானாகவே குறையும். இதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

தண்ணீரே பட்டாணி சூப் மாதிரி பச்சையானால், அது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. எத்தனை தேய்த்தாலும் போகாது. தொட்டியைக் கெட்டித் துணியால் மூடி, விளக்கை அணைத்து, மூன்று நான்கு நாள் இருட்டில் வைக்க வேண்டும். அந்த நாட்களில் தீனி வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றினால் போதும்.

கண்ணாடியில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு கையால் போகாதது பச்சைப் புள்ளிப் பாசி. பழைய பிளேடால் சுரண்டலாம் (அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு கூடாது, கீறிவிடும்). நூல் நூலாக வளர்வதை ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம்.

இலை ஓரத்தில் கருப்புத் தாடி மாதிரி வளர்வது, நிறம் எப்படி இருந்தாலும், சிவப்புப் பாசி இனம். அந்த இலையை வெட்டி எறிவதே சுலபம்.

கடைசியாக, நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று போர்வை போலப் படர்ந்து, மண் வாடை அடிக்கும் ஒன்று உண்டு. அது பாசியே இல்லை, பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில், அழுக்கு சேர்ந்த இடத்தில் வரும். சைபன் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பில்டர் ஓட்டம் அந்த மூலைக்கும் போகிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். டேங்க் கிளீனர் இதைச் சீண்டக்கூடச் செய்யாது.

பாட்டில் மருந்து விஷயத்துக்கு வருவோம். பல பாசி மருந்துகளில் இருப்பது தாமிரம். நம்மூரில் மயில்துத்தம் என்று சொல்கிறோமே, அந்தச் சரக்கின் உறவுதான். பாசியைக் கொல்லும், உண்மை. கூடவே இறாலையும் நத்தையையும் கொல்லும். மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். செத்த பாசி மறுபடி உரமாகிறது. ஆக, மிச்சம் கணக்கிலேயே இருக்கிறது, பாட்டில் மட்டும் காலி. அடுத்த மாதம் இன்னொரு பாட்டில்!

டேங்க் கிளீனர் கதை இதைவிட மோசம். இது தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சக்கர் கெளுத்தி. கடையில் விரல் நீளத்தில் இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடி வரை போகும். இரண்டடித் தொட்டியில் ஒன்றரை அடி மீன்! சிறியதாக இருக்கும்போது கொஞ்சம் பாசி தின்னும். பெரிதானதும் மற்ற மீனுக்குப் போடும் தீனியில் பங்கு கேட்கும். அதன் கழிவோ மற்ற எல்லா மீனின் கழிவையும் சேர்த்தாற்போல இருக்கும். பாசியைக் குறைக்க வாங்கியது, பாசிக்கு உரம் போட ஆரம்பித்துவிடும்.

தொட்டி போதாமல் போனதும் என்ன நடக்கும்? உயிரைக் கொல்ல மனசு வராது. வாளியில் எடுத்துப் போய் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்றுகூட நினைப்பார்கள். இந்த மீனுக்கு உடம்பெல்லாம் எலும்புக் கவசம். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கித் தாக்குப்பிடிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை பலவீனமாகும். வலையில் மாட்டினால் வலை கிழியும், சந்தையில் வாங்க ஆள் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவிலும், நம் நாட்டில் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலத்திலும் இது பரவியிருக்கிறது. பாலாறு-பொருந்தலாறு அணையிலும் குதிரையாறு அணையிலும் மீன் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு அந்த நிலை வர வேண்டுமா?

கடைக்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. "ஏதாவது கொடுங்க, உடனே போகணும்" என்று கேட்பவருக்கு அவர் ஏதாவது கொடுக்கிறார். ஆனால் ஒன்று செய்யலாம். விற்கிற தொட்டியின் மேல், இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று ஒரு வரி எழுதி ஒட்டட்டும். அதைப் பார்த்த பிறகும் வாங்குபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பாசிக்கு உயிருள்ள உதவியாள் என்பது புது யோசனையும் இல்லை. 1850ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்க மீனும் வாலிஸ்னேரியா செடியும் வைத்த தொட்டியில் அழுகிய இலையும் வழவழப்பும் சேர்ந்தபோது நத்தைகளை விட்டு அதைச் சமாளித்தார். அங்கே செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்துதான் கணக்கைச் சரிசெய்தன. செடியே இல்லாமல் பிளாஸ்டிக் பூ வைத்த தொட்டியில் ஒரு மீன் மட்டும் வந்து என்ன செய்யும்?

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையானது இவ்வளவுதான். தொட்டியை நேர் வெயிலிலிருந்து தள்ளி வைப்பது. விளக்கை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தோடு நிறுத்துவது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுவது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவது. பில்டர் பஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுவது (குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்). வேகமாக வளரும் செடி நான்கு வைப்பது. இதில் காசு கேட்பது செடி மட்டும்தான்.

ஏற்கனவே பெரிய டேங்க் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுக்கலாம். குளம், கிணறு, வாய்க்கால் மட்டும் வேண்டாம். பழனி வையாபுரிக் குளம் கழிவுநீரிலும் ஆகாயத்தாமரையிலும் பட்ட பாடு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அங்கேயும் உள்ளே போகிற சத்து அதிகம், வெளியே போகிறது குறைவு என்ற அதே கணக்குதான். வீட்டுத் தொட்டியில் தப்பு நடந்தால் ஒரு வாளித் தண்ணீரில் சரி செய்துவிடலாம். குளத்தை எந்த வாளியால் மாற்றுவது?