கருவி எவருடையது?

அயலூருக்கு வேலைக்குச் செல்லும் தச்சன் தன் உளியையும் வாய்ச்சியையும் சீவுளியையும் பையிலிட்டுக்கொண்டே செல்கின்றான். வேலை தருபவனிடம் அவன் எதிர்பார்ப்பது மரத்தையும் இடத்தையுமேயன்றிக் கருவியை அன்று. எழுத்தையும் கணக்கையும் வரைபடத்தையும் தொழிலாகக் கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும் கணக்காய்வாளர், பொறியியலாளர், ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் நிலை இன்று இதற்கு நேர்மாறானது. சென்றடையும் அலுவலகத்துக் கணினியில் எம்மென்பொருள் உண்டோ அதனோடு அமைய வேண்டியவராகவோ, தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் இணையவழியே திறந்துவிடும் கருவியை வாடகைக்குப் பெறுபவராகவோ அவர் ஆக்கப்பட்டுள்ளார். இது தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கமுடியாத விளைவு என்றும், யூ.எஸ்.பி. நினைவகத்தில் மென்பொருளைக் காவித் திரிதல் பழமை விரும்பிகளின் விளையாட்டு என்றும் கூறுவோர் கணினித் துறையினரிடையேயும் நிர்வாகத்தினரிடையேயும் உளர். இக்கருத்து வரலாற்றுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

காவத்தகு மென்பொருள் என்பது யாது என்பதை முதற்கண் தெளிவுபடுத்தல் வேண்டும். விண்டோஸ் பணிசெயல் முறைமையில் வழக்கமான ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது அதன் கோப்புகள் கணினியின் வன்தட்டில் ஓரிடத்திலும், பயனரின் விருப்பத் தெரிவுகள் பிறிதோரிடத்திலும், வேறு பல குறிப்புகள் முறைமைக்குரிய பதிவேட்டிலும் சென்று படிகின்றன. இவ்வாறு நிறுவுதற்குப் பெரும்பாலும் கணினி நிர்வாகியின் அனுமதி வேண்டும். காவத்தகு மென்பொருளோ தன் கோப்புகளையும் தெரிவுகளையும் தனக்குரிய ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்கின்றது. நினைவகத்தைச் செருகி அக்கோப்புறையைத் திறந்ததும் அது இயங்கும்; வேலை முடிந்ததும் நினைவகத்தோடு திரும்பிவிடும். பயனர் சேர்த்துவைத்த அகராதிச் சொற்கள், இணைய முகவரிகள், ஆவண வார்ப்புகள் யாவும் அவரோடு செல்லும். ஃபயர்பொக்ஸ் இணைய உலாவி, லிப்ரே ஒபிஸ் அலுவலகத் தொகுதி, வீ.எல்.சி. இயக்கி, கிம்ப் படத்தொகுப்பி முதலிய கட்டற்ற மென்பொருள்கள் பல இவ்வடிவிற் கிடைக்கின்றன.

இது புதுமையன்று என்பதே இங்கு வற்புறுத்தப்பட வேண்டியது. 1978ஆம் ஆண்டு வெளிவந்த வேர்ட்ஸ்ரார் என்னும் சொற்செயலி ஒரு நெகிழ்வட்டில் அடங்கியது. 1981இல் விற்பனைக்கு வந்த, கையிற் தூக்கிச் செல்லத்தக்க ஒஸ்போண் 1 என்ற கணினியோடு அதுவும் சேர்த்தே வழங்கப்பட்டது. அக்காலத்திற் பயனரின் நெகிழ்வட்டே அவருடைய கருவிப்பை. ஒத்த இனக் கணினி எங்கிருப்பினும் வட்டைச் செருகி அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். வன்தட்டு பரவலானமையும், விண்டோஸ் 95 முதலாகப் பதிவேடு மையநிலை பெற்றமையுமே மென்பொருளைக் கணினியோடு கட்டிப்போட்டன. இயல்பாயிருந்த ஒன்று பின்னர் தனிப்பெயரிட்டு அழைக்கப்பட வேண்டிய விதிவிலக்காயிற்று. ஆகவே காவத்தகு மென்பொருளைப் பழைமை எனப் பழிப்போர், இழக்கப்பட்ட ஓர் உரிமையை மீட்கும் முயற்சியையே பழிக்கின்றனர்.

மீட்பு முயற்சியின் வரலாறும் பாடம் புகட்டுவது. 2000ஆம் ஆண்டிற் சிங்கப்பூரைச் சேர்ந்த ட்ரெக் நிறுவனம் யூ.எஸ்.பி. நினைவகத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐ.பி.எம். விற்பனை செய்த நினைவகத்தின் கொள்ளளவு 8 மெகாபைற்று மட்டுமே. எனினும் அது 1.44 மெகாபைற்று நெகிழ்வட்டின் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. 2004இல் ஜோன் ஹலர் என்பார் ஃபயர்பொக்சின் காவத்தகு வடிவத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான கட்டற்ற மென்பொருள்கள் அவ்வடிவம் பெற்றன. 2005இற் சான்டிஸ்க், எம்-சிஸ்ரம்ஸ் ஆகிய நிறுவனங்கள் யூ3 என்னும் தமக்குரிய முறையைக் கொண்டுவந்தன. அதற்கெனச் செய்யப்பட்ட நினைவகமும் அதற்கெனத் திருத்தப்பட்ட மென்பொருளும் வேண்டியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டது. முழு விண்டோசையும் நினைவகத்திற் காவிச்செல்ல வழிசெய்து 2012இல் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய வசதியும் 2020இல் நீக்கப்பட்டது. நிறுவனங்கள் திறந்த வாயில்களை நிறுவனங்களே மூடின. எவருடைய அனுமதியையும் வேண்டாத கட்டற்ற வடிவமோ இன்றும் வாழ்கின்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

எதிர்வாதங்களுள் முதன்மையானது, எல்லாம் முகிற் கணிமைக்குச் சென்றுவிட்டபின் நினைவகம் எதற்கு என்பது. இணையம் எங்கும் எப்போதும் உண்டு என்ற எடுகோளின் மீதே இவ்வாதம் நிற்கின்றது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டமையை இந்நாட்டு வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினி விழித்திருக்க, இணையப் பெட்டி உறங்கிப்போன நேரங்களில் முகிலில் இருந்த கருவி எவருக்கும் பயன்படவில்லை. பயணத்திலோ வேறொரு தடையும் உண்டு. அறிமுகமற்ற கணினியிலிருந்து கணக்கைத் திறக்க முயன்றவுடன் நிறுவனம் ஐயுற்று, பதிவுசெய்த கைத்தொலைபேசிக்கு ஓர் இரகசிய எண்ணை அனுப்புகின்றது. பயணியோ சென்ற நாட்டின் சிம் அட்டையை இட்டிருப்பார்; ஊர் எண்ணுக்கு வந்த செய்தி அவரை அடைவதில்லை. தன் கருவியின் வாயிலில் தானே அந்நியனாய் நிற்கும் நிலை இது.

இணையம் தடையின்றிக் கிடைப்பினும் அடிப்படை வினா மறைவதில்லை. 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் தன் படைப்பாக்க மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைகொடுத்து வாங்கும் முறையிலன்றிச் சந்தா முறையிலேயே வழங்கப்போவதாக அறிவித்தது. 2019 ஒக்ரோபரில் அமெரிக்க அரசின் ஆணையொன்றைக் காரணங்காட்டி, வெனிசுவேலா நாட்டிலுள்ள பயனர் கணக்குகள் அனைத்தையும் முடக்கவிருப்பதாக அதே நிறுவனம் அறிவித்தது. பின்னர் அரசின் விலக்களிப்புக் கிடைத்ததும் அம்முடிவு கைவிடப்பட்டது. விளைவு தவிர்க்கப்பட்டது உண்மையே. ஆயின், வடிவமைப்பாளர் ஒருவரின் உழைப்புக் கருவியை, அவர் எக்குற்றமும் இழைக்காதபோதும், வேறொரு நாட்டின் அரசியல் முடிவு பறித்துவிட முடியும் என்பது அன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. நினைவகத்திலுள்ள மென்பொருளை எந்த ஆணையும் தொலைவிலிருந்து அணைத்துவிட முடியாது.

இரண்டாவது எதிர்வாதம், ஒவ்வொருவரும் தத்தம் மடிக்கணினியைக் கொண்டு செல்லலாமே என்பது. அலுவலகம் மடிக்கணினி வழங்கும் பதவியிலிருப்போர்க்கு இது எளிதிற் தோன்றும் விடை. பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தை நம்பிக் கற்கும் மாணவனுக்கும், நாட்கூலிக்குக் களப்பணி செய்யும் ஆய்வு உதவியாளனுக்கும் இவ்விடை பொருந்தாது. மடிக்கணினி உடையோர்க்கும் அது எப்போதும் துணைவருவதில்லை. 2017 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்கா மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கா, துருக்கி ஆகிய பகுதிகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து தன் நாட்டுக்குப் பறப்போர் கைத்தொலைபேசியினும் பெரிய மின்னணுக் கருவிகளை விமான அறைக்குட் கொண்டுவருதலைத் தடைசெய்தது. இலங்கைப் பயணிகள் பலர் விமானம் மாறும் டுபாய், டோகா, அபுதாபி நிலையங்களும் அவற்றுள் அடங்கின. அப்போது கட்டார் விமான நிறுவனம் உயர்வகுப்புப் பயணிகளுக்கு இரவல் மடிக்கணினி வழங்க முற்பட்டது. அவர்கள் தம் வேலையை யூ.எஸ்.பி. நினைவகத்தில் ஏற்றி வரும்படி கேட்கப்பட்டனர். அத்தடை சில மாதங்களில் நீங்கிற்று. எனினும் மடிக்கணினிகளின் காலத்திலேயே, கையில் எஞ்சியது நினைவகம் ஒன்றே என்னும் நிலை தோன்றியமை நோக்கற்பாலது.

மூன்றாவது எதிர்வாதமே வலிமை மிக்கது: நினைவகம் நச்சுநிரல்களின் ஊர்தி என்பது. இதை மறுப்பதற்கில்லை. 2008இற் பரவத்தொடங்கிய கொன்பிக்கர் நச்சுநிரல் வலையமைப்பு வழியேயன்றி நினைவகங்கள் வழியேயும் பரவிற்று. அதே ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை தன் கணினிகளில் நினைவகங்களைத் தடைசெய்ய நேர்ந்தது. 2010இல் வெளிப்பட்ட ஸ்ரக்ஸ்நெற் நிரல், இணையத்தோடு தொடர்பற்ற ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கியதில் நினைவகத்தின் பங்கு பெரிது. நினைவகத்தின் உள்நிரலையே மாற்றி அதனை ஒரு விசைப்பலகைபோல் நடிக்கச் செய்யலாம் என்பதை 2014இல் ஜேர்மனிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுக்காக 297 நினைவகங்கள் ஆங்காங்கே போடப்பட்டபோது, அவற்றுள் 45 விழுக்காட்டிலிருந்த கோப்புகள் எடுத்தோராற் திறக்கப்பட்டன என்பது 2016இல் வெளியாயிற்று. 2018இல் ஐ.பி.எம். தன் ஊழியர் அனைவருக்கும் வெளி நினைவகங்களைத் தடைசெய்தது.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவு யாது? வீட்டுக்காரனுக்கும் உரிமை உண்டு என்பதே. பிறர் கணினியிற் செருகுமுன் அனுமதி கேட்டல் பயணியின் கடமை. மருத்துவமனை, வங்கி, மின்னிலையம் போன்றவை மறுத்தால் அம்மறுப்பு நியாயமானது. ஆனால் கணினிக்கூடத்தில் ஆய்வறிக்கை எழுதும் மாணவனையும் அணு நிலையத்தின் பொறியியலாளனையும் ஒரே விதியால் அளத்தல் பாதுகாப்பன்று, சோம்பல். பழைய நச்சுநிரல்கள் பலவற்றுக்கு வாய்ப்பளித்தது, செருகியவுடன் கேளாமலே நிரலை இயக்கிய விண்டோசின் சொந்த ஏற்பாடே ஆகும். அவ்வேற்பாடு நினைவகங்களுக்கு இயங்காதபடி 2011இல் மைக்ரோசொப்ட் திருத்தத்தைப் பரவலாக அனுப்பியது. குறை முறைமையிலிருக்கப் பழியைப் பயனரின் பையில் ஏற்றுதல் முறையன்று. முற்றாகத் தடுக்கப்பட்டவர் வேலையை நிறுத்திவிடுவதுமில்லை. அலுவலகக் கோப்பைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வேறு வழி காண்பர். அவ்வழியைக் கண்காணிப்பார் எவருமில்லை.

காவத்தகு மென்பொருளை ஆதரிப்போரும் தம்முடைய இரு பொய்களைக் கைவிடல் வேண்டும். சுவடு எதுவும் எஞ்சாது என்பது முதற் பொய். எந்நினைவகம் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் பதிவேடு குறித்துக்கொள்ளும். எந்நிரல் இயங்கிற்று, எக்கோப்புத் திறக்கப்பட்டது என்பவற்றின் தடயங்களும் பிற இடங்களில் எஞ்சும். தன் கருவியைப் பயன்படுத்துவதால் அந்நியக் கணினியும் பாதுகாப்பானதாகிவிடும் என்பது இரண்டாவது பொய். அக்கணினியில் விசையழுத்தங்களைப் பதிவுசெய்யும் ஒற்றுநிரல் இருக்குமாயின் எவ்வளவு நேர்மையான மென்பொருளும் உதவாது. விடுதியின் பொதுக் கணினியிற் கடவுச்சொற் பெட்டகத்தைத் திறப்பவர், ஒரு சாவியை அன்று, சாவிக்கொத்து முழுவதையும் கையளிக்கின்றார். இவற்றோடு, காவத்தகு வடிவம் என்ற பெயரில் உலவும் விலைமென்பொருள்களின் களவுப் பிரதிகளையும் இவ்வாதத்தினின்று விலக்கல் வேண்டும். உரிமை பற்றிப் பேசுவோர் களவை உரிமையெனக் கொள்ளலாகாது. அப்பிரதிகளுள் எவர் எதைச் சேர்த்தார் என்பதும் அறியவியலாது.

ஈழத்துத் தமிழுலகுக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை நெகிழ்வட்டிற் கொண்டு சென்று, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தோர், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் சிதறிக் கிடக்கக் கண்டனர். ஆகவே கட்டுரையோடு எழுத்துருவையும் காவிச்செல்லும் வழக்கம் உருவாயிற்று. கருவி உடன்வராவிடின் எழுத்தே அழிந்துபோம் என்பதைத் தமிழர் அன்றே கண்டறிந்தனர். 1991இல் வெளியான யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 தமிழ் எழுத்துருவுடன் வந்தது. பொதுத் தரம் பரவியபின் அச்சுமை பெரிதும் நீங்கிற்று. இவ்வனுபவம் உணர்த்துவது ஒன்றுண்டு: கருவியைக் காவும் உரிமையும், எக்கருவியாலும் திறக்கத்தக்க திறந்த கோப்பு வடிவமும் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள். ஒரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே திறக்கத்தக்க கோப்பை நினைவகத்திற் காவுவோர், பூட்டைச் சுமந்துகொண்டு சாவியைப் பிறனிடம் விட்டுச் செல்வோரே.

ஆதலின் செய்யத்தக்கவை தெளிவானவை. பல்கலைக்கழகங்கள் தம் கணினிக்கூடங்களில் முழுத்தடைக்குப் பதிலாக, பரிசோதிக்கப்பட்ட கட்டற்ற காவத்தகு மென்பொருள்களின் பட்டியலொன்றை ஏற்று, அவற்றைத் தாமே நினைவகத்திற் பதிந்து மாணவர்க்கு வழங்கலாம். ஆய்வேடுகளும் தரவுகளும் திறந்த வடிவங்களிற் பேணப்படல் வேண்டும். நினைவகம் தொலையக்கூடியது, பழுதுறக்கூடியது ஆதலால் அதன் படி ஒன்றை வேறிடத்தில் வைக்கும் ஒழுங்கும் கற்பிக்கப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மென்பொருளுக்கேனும் பொதுப்பணத்திற் சந்தா கட்டுமுன் நிர்வாகம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: வழங்குபவர் நாளை விலகிக்கொண்டால், இதனால் ஆக்கப்பட்டவை எவர் கையில் எஞ்சும்? இவ்வினாவுக்கு விடை கூறவியலாத ஒப்பந்தத்திற் கையொப்பமிடுவோர் வசதியை வாங்கவில்லை; தம் மாணவரின் உழைப்பை ஈடுவைக்கின்றனர்.