டாக்டருக்கும் பாடம் உண்டு



சென்ற மாதம் பள்ளி விட்ட நேரம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. பல வருடங்களாக இளைப்பு நோய்க்காரர். பையிலிருந்து இரண்டு பம்புகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சார், இத்தனை வருஷமா இந்த நீலப் பம்பு ஒண்ணே போதும்னாங்க. இப்ப வந்திருக்கிற டாக்டரம்மா இன்னொண்ணும் தெனமும் அடிக்கச் சொல்றாங்க. பழைய டாக்டருக்குத் தெரியலையா, புது டாக்டருக்குத் தெரியலையா? நான் புதுசைத் தொடவே இல்ல சார்!”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தொடவே இல்லை என்றாரே, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

இளைப்பு வரும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்கிச் சளியும் கட்டுகிறது. நீலப் பம்பிலுள்ள சால்புட்டமால் 1969இல் விற்பனைக்கு வந்த மருந்து. சில நிமிடங்களில் தசையைத் தளர்த்திவிடும்; நாலைந்து மணி நேரம் நிம்மதி. வீக்கத்தை அது ஆற்றுவதில்லை. ஆற்றுவது, மற்றப் பம்பில் மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. லயத்துக் கூரை ஒழுகினால் வாளி வைப்பது ஒன்று, ஓட்டையை அடைப்பது மற்றொன்று அல்லவா?

லேசான இளைப்புக்கு வாளியே போதும் என்றுதான் உலகெங்கும் மருத்துவர்கள் நெடுங்காலம் படித்தார்கள். பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். நிவாரணப் பம்பு பற்றிய விவரம் கிடைத்த 165 பேரில் 39 விழுக்காட்டினருக்குக் கடைசி ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட பம்புகள் எழுதித் தரப்பட்டிருந்தன. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் ‘ஜீனா’ அமைப்பு, 2019இல் பழைய பாடத்தையே மாற்றியது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வீக்கத்தை ஆற்றும் மருந்தும் வேண்டும் என்றது.

ஆகவே பழைய டாக்டர் ஏமாற்றவில்லை. அன்றைய பாடத்தைச் சொன்னார். புதியவர் இன்றைய பாடத்தைச் சொல்கிறார். நம் ராசா சாலையிலுள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைப் பக்கம் போனால், படிக்கும் இளம் டாக்டர்களைப் பார்க்கலாம். பட்டம் வாங்கியதோடு அவர்கள் படிப்பு முடிவதில்லை. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளும் காட்ட வேண்டும். எங்களையும்தான் கோர்சுக்கு அழைக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற கணக்கு முறை இன்று வகுப்பில் இல்லை. அதற்காக அன்று என்னிடம் படித்த பிள்ளைகளை நான் ஏமாற்றினேன் என்று ஆகிவிடுமா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தாயார் சிரித்தார். “அப்ப எனக்கும் கோர்சு உண்டா சார்?”

“உண்டம்மா, ஐந்தே நிமிடக் கோர்சு. பம்பை எடுத்துப் போய் டாக்டர் முன்னால் அடித்துக் காட்டுங்கள். தப்பாக அடித்தால் மருந்து நாக்கோடு நின்றுவிடும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள்; இது சிறு அளவு, நேரே நுரையீரலுக்குப் போகிறது. அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.”

தாய்மார்களே, வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால், ஓராண்டில் எத்தனை நீலப் பம்பு தீர்கிறதென்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 200 அடிப்பு இருக்கும். வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் நோய் அடங்கவில்லை என்று பொருள். கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்பு அடித்தும் தணியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள்.

டாக்டர் புதிதாக ஒன்று சொன்னால் சந்தேகம் வரலாம், தப்பில்லை. அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டு வராமல், அவரிடமே ஏன் என்று கேளுங்கள். கேட்கிற பிள்ளைதான் படிக்கும்.