மூக்கில சாதி பார்க்காதீங்கோ

ஊர்நாய் ஒண்டுக்கும் உதவாது, மோப்பம் பழக்கிறதெண்டால் 'சாதி நாய்' வேணும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கயும் நாய் ஆசையுள்ள இளசுகளிட்டக் கேட்கிற கதை இது. இதை நம்பித்தான் ஜேர்மன் ஷெப்பேர்ட் குட்டிக்குக் காசு சேர்க்கினம். குட்டி வந்ததும் கம்பிக் கூட்டுக்குள்ள அடைக்கினம். பின்வளவில பிறந்த ஊர்க்குட்டியளைச் சாக்கில போட்டுச் சந்தைப் பக்கம் விட்டிட்டு வருகினம்.

எங்களுக்கு இதில இரண்டு கோபம். ஒண்டு, கதையே பொய். மற்றது, மனுசரிட்ட இருந்து ஒழிக்கப் பாடுபடுகிற ஒரு சொல்லை நாயின்ர கழுத்தில கட்டி விட்டிருக்கிறம்.

மனுச மூக்கில மணம் உணரும் ஏற்பிகள் 50, 60 இலட்சம் அளவில இருக்கும். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியில இருந்து 30 கோடி வரை சொல்லுவினம். நாய் மூச்சை விடேக்க காத்து மூக்கின்ர பக்க வெட்டுகளால வெளியேறும். முன்னால கிடக்கிற மணத்தை ஊதிக் கலைக்காமல் அடுத்த முகர்வை இழுக்கும். இனத்துக்கினம் வித்தியாசம் உண்டு, மறுக்கேல்லை. ஆனால் உங்கட வாசலில படுத்திருக்கிற செவலை நாய்க்கும் இதே மூக்குத்தான்.

பொலிஸ் ஏன் வெளிநாட்டு இனங்களை வைச்சிருக்கு எண்டு கேட்பியள். 1948 இல் தொடங்கின இலங்கைப் பொலிஸ் நாய்ப் பிரிவு மாதிரியான இடத்துக்கு, வேலைக்கெண்டே தலைமுறை தலைமுறையாய்ப் பெருக்கின, ஒரே குணமுள்ள நாய் வசதி. அது நிறுவனத்தின்ர தேவை, உங்கட வளவின்ர தேவை இல்லை. அதோட, பொலிசும் மாறுது. இந்தியாவில உத்தரகாண்ட் பொலிஸ் 'தெங்கா' எண்ட தெருநாயையும், மேற்கு வங்கப் பொலிஸ் 'ஆஷா' எண்ட தெருநாயையும் மோப்ப வேலைக்குப் பழக்கினவை.

அப்ப எப்பிடித் தொடங்கிறது? காசு வேண்டாம். நெஞ்சுப்பட்டி ஒண்டு, பத்து மீற்றர் கயிறு ஒண்டு, அவிச்ச கோழி ஈரல் கொஞ்சம். பனி காயாத விடியப்புறம் நல்லது. மத்தியான வெயிலில நாய் நாக்கைத் தள்ளி இளைக்கும். இளைக்கிற நாயால ஒழுங்காய் மணக்கேலாது. ஒரு தடி நட்டு, அதடியில நிலத்தை நல்லாய் மிதியுங்கோ. பிறகு நேரே இருபது அடி வையுங்கோ, ஒவ்வொரு காலடியிலும் ஒரு ஈரல் துண்டு. கடைசியில ஒரு பழஞ்சாரத் துண்டும் கைநிறைய ஈரலும். போன வழியால திரும்பாமல் சுத்தி வாங்கோ. காத்து நாயின்ர முதுகுப் பக்கமிருந்து வீச, நாயைத் தடியடிக்குக் கொண்டுவந்து பொறுங்கோ.

நாள் போகப் போக ஈரலைக் குறையுங்கோ, வளைவு வையுங்கோ, தடத்தை பத்து நிமிசம், அரை மணித்தியாலம் எண்டு பழசாக்குங்கோ. பிறகு தடத்தை வேறொருவர் போடட்டும். இதுதான் முக்கியம். வழி தெரிஞ்ச ஆள் தன்னை அறியாமலே கயிறை இழுத்து நாயைத் திருப்புவார், பிறகு 'என்ர நாய் கெட்டிக்காரன்' எண்டு புளுகுவார். வழி தெரியாமல் நாய்க்குப் பின்னால நடக்கப் பழகுங்கோ. அங்க நாய்தான் வாத்தியார்.

ஆனால் எங்கட மண்ணில 'வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டு லேசாய்ச் சொல்லேலாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்ததே 2017 டிசெம்பரில்தான். அகற்றி முடிக்கக் காலக்கெடு 2028 ஜூன். முகமாலை மண்ணை ஆண்டுக்கணக்கில அங்குலம் அங்குலமாய்க் கிளற வேண்டி வந்தது. அதனால ஆள் நடமாடுகிற வளவு, உழுத வயல், விளையாட்டு மைதானம் மட்டும். பத்தைக்குள்ள கயிறை விடாதீங்கோ. மண்டையோட்டுப் பலகை கண்டால் நாய் எவ்வளவு இழுத்தாலும் திரும்புங்கோ. கண்ட பொருளை வாயால கவ்விக் கொண்டுவரப் பழக்காதீங்கோ, பக்கத்தில படுக்கப் பழக்குங்கோ. மிதிவெடி தேடுகிற நாய் வேறை படிப்பு, அது அந்தத் தொழில் தெரிஞ்சவையின்ர வேலை.

வேட்டைக்கும் வேண்டாம். 'மோப்பம் உடும்புக்குத்தானே' எண்டு சிரிக்கிற அண்ணைமாருக்கு: உடும்பையும் மானையும் 1937 ஆம் ஆண்டு வனவிலங்குக் கட்டளைச் சட்டம் காக்குது. சட்டத்தை விடுங்கோ, வெடிச்ச காணியும் வெடிக்காத குண்டும் கலந்த காட்டுக்குள்ள அன்பான நாயை ஏவுறதை வீரம் எண்டு நாங்கள் சொல்லமாட்டம்.

எங்கட சனத்துக்கு மோப்பநாய் எண்டால் சோதனைச்சாவடியும் சீருடையும்தான் ஞாபகம். அந்த மூக்கை முழுசாய் அவையிட்ட விட்டுக்கொடுக்க ஏன் வேணும்? வழிமாறின ஒரு ஆச்சியை, ஒழுங்கை தெரியாமல் போன ஒரு பிள்ளையைத் தேடிப் போகக்கூடிய நாய் ஒவ்வொரு கிராமத்திலும் ரெண்டு இருக்கலாம். அந்த நாய் வெளிநாட்டில இருந்து வரத் தேவையில்லை. குட்டிக்குச் சேர்த்த காசில விசர்நாய்த் தடுப்பூசியையும் கருத்தடையையும் ஊர்நாயளுக்குச் செய்யுங்கோ. மிச்சத்துக்கு ஈரல் வாங்குங்கோ. நாளைக்கு விடிய பனி காயமுதல் தொடங்குங்கோ.