பிரட்டுக்களமும் பேசுங்களமும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு ஏறிச் செல்லும் பஸ் வண்டியை ஒரு சிறு கல்லூரி என்றே நான் கருதுவதுண்டு. யார் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறது, எந்தத் தோட்டத்தில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது என்பன போன்ற பாடங்களையெல்லாம் அங்கே கட்டணமின்றிக் கற்கலாம். சென்ற விடுமுறையில் அந்தக் கல்லூரியில் எனக்கே பாடம் சொன்னவன் என் பழைய மாணவன் ஒருவன்.

கொழும்பிலே கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடையொன்றில் அவன் வேலை செய்கிறான். பக்கத்து இருக்கைக்கு வந்து அமர்ந்தவன், சற்றுத் தயங்கிவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்து ஒன்றைக் காட்டினான். லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் பயிரிடுவோர், அன்றைய சந்தை விலையைத் தமிழிலே பார்த்துக்கொள்வதற்கான செயலி அது. லொறிக்காரர் சொன்னதே விலை என்று தன் தாயார் மூட்டையைக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறாமல், இரவுகளிலே கண் விழித்துச் செய்தானாம்.

“செய்து எத்தனை நாளாயிற்று?” என்றேன்.

“ஒரு வருஷம் ஆகப் போகிறது, சேர்.”

“யாருக்கும் காட்டவில்லையா?”

“யாருக்குக் காட்டுவது, சேர்? எனக்கு யாரைத் தெரியும்?”

அக்கரப்பத்தனை வரும்வரை என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. எழுத்தும் கணக்கும் கற்பித்த நாங்கள், அந்தக் கேள்விக்கு விடையைக் கற்பிக்கவில்லையே என்ற உறுத்தல்தான் காரணம்.

அன்பர்களே, ஸ்டார்ட்அப் என்று இன்று வழங்கப்படும் புதுத்தொழில் முயற்சிகளுக்கு முதல் தேவை பணம் என்று பலரும் எண்ணுகின்றனர். பணமும் தேவைதான். ஆனால் அதற்கும் முன்னே வேண்டுவது அறிமுகம். “இதில் இந்தக் குறை இருக்கிறது” என்று சொல்ல ஒருவர். “இன்னாரைப் போய்ப் பார்” என்று வழிகாட்ட ஒருவர். “நானும் ஒருமுறை தோற்றவன்தான்” என்று தோளில் தட்ட ஒருவர். இம்மூவரும் வாய்க்கப்பெற்றவனுக்குப் பணம் தேடும் வழியும் புலப்படத் தொடங்கும்.

“நம் தோட்டங்களில் எல்லோரும் எல்லோரையும் அறிவோமே! மரண உதவிச் சங்கம் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு லயமே திரள்கிறதே!” என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. அந்த ஒற்றுமை நம் பெருஞ்செல்வம். எனினும், 1973ஆம் ஆண்டில் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே கருதத்தக்கது. வேலை தேடிப் பெற்றோர் பலருக்கு அச்செய்தியைக் கொண்டு சேர்த்தவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர். எப்போதோ சந்திக்கும் பழக்கக்காரர்களே என்று அவர் கண்டார். காரணம் எளியது. நமக்கு நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பார்கள். புதிய செய்தி தொலைவிலிருந்துதான் வரவேண்டும். பத்துக் காம்பராக்களின் அடுப்பும் ஒரே விறகில் எரிந்தால், பதினோராவது விறகை யார் கொண்டுவருவார்?

தூரத்து விறகைக் கொண்டுவரும் வழியை இந்நாட்டிலேயே ஒரு சிறு நகரம் காட்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது யாழ்ப்பாணத்தின் இளைஞரிடம் கல்வி இருந்தது. தொழில் உலகத்தோடு தொடர்பு அறுந்திருந்தது. அந்நிலையில் யாழ் ஐ.டி. ஹப் என்னும் தன்னார்வ அமைப்பு எழுந்தது. வெளிநாடுகளிலும் கொழும்பிலும் அனுபவம் பெற்ற தமிழர் பலர் அதில் கைகோத்தனர். 2012 முதல் யாழ் கீக் சலஞ்ச் என்ற போட்டியை அது நடத்திவரலாயிற்று. இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து தம் எண்ணத்தை முன்வைப்பார்கள். மூத்தோர் குறை நிறைகளைச் சொல்லித் திருத்துவார்கள். அதைப் போட்டி என்பதைவிட அறிமுகத் திருவிழா என்பதே பொருத்தம். பரிசு சிலருக்குத்தான், ஆனால் கேள்வி கேட்கப் பழகியவர்களும், நாலு பேரை அறிந்துகொண்டவர்களும் பலர்.

உலகம் புகழும் சிலிக்கன் பள்ளத்தாக்கின் கதையிலும் இதுவே உட்பொருள். 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒருவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் கணினிப் பித்தர்கள் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினிக் கழகம் என்று அதற்குப் பெயர். அங்கே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இளைஞர், தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தைக் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அந்தக் கணினியே ஆப்பிள் நிறுவனத்தின் முதற்பொருளாயிற்று. ஒளித்து வைத்தவர் உயரவில்லை. விரித்துக் காட்டியவரே உயர்ந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலைகளே இதற்குச் சாட்சி. கோப்பித் தோட்டத் துரைமார் 1854ஆம் ஆண்டிலேயே கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியபோது, புதுப்பயிரின் நுட்பத்தைத் துரைமார் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளச் சங்கமும் கிளப்பும் இருந்தன. மலையைத் திருத்திய நம் முன்னோருக்கு அந்தக் கூடங்களின் வாசற்படியும் உரியதாகவில்லை. அவர்களுக்கென்று இருந்தது பிரட்டுக்களம். விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் அங்கே கூடினார்கள். ஆயினும் பேசியவர் ஒருவர், கேட்டவர் மற்றையோர். பேர் போட்டு மலைக்கு அனுப்பினால் கூட்டம் முடிந்தது. கூடுதல் என்றால் கட்டளை கேட்பது என்ற பழக்கம் தலைமுறை தலைமுறையாக நம் உடம்பில் ஊறிவிட்டது. நம் பிள்ளை தன் கைப்பொருளை ஓராண்டு பையிலேயே வைத்திருப்பதில் வியப்பென்ன?

ஆதலின் நமக்கு இன்று வேண்டுவது ஒரு பேசுங்களம். இதற்கு மாளிகை வேண்டாம். ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை மண்டபம். மாதத்தில் ஒரு போயா தினம். ஒரு பானைத் தேநீர். வந்தவர் ஒவ்வொருவரும் தாம் செய்ததை, அது அரைகுறையானாலும், காட்டவேண்டும். கேட்பவர் நகைக்கக் கூடாது. விடைபெறுமுன் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயன்படும் ஒருவரையாவது அறிமுகம் செய்து வைக்கவேண்டும். பகலில் தொடங்கிக் கடைசி பஸ்ஸுக்கு வெகுநேரம் முன்னதாக முடித்தால்தான் பெண் பிள்ளைகளும் வர இயலும். மேடையும் பொன்னாடையும் மட்டும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்க! தலைமையுரை தொடங்கினால் பேசுங்களம் மீண்டும் பிரட்டுக்களமாகிவிடும்.

கூடியவர் அனைவரும் செல்வராகிவிடுவர் என்று நான் ஆசை காட்டவில்லை. புதுத்தொழில்களில் தோற்பவை பல. ஆனால் தனியே தோற்றவன் முடங்குகிறான்; கூட்டத்தில் தோற்றவன் பிறர்க்குப் பாடமாகிறான், தானும் மறுபடி எழுகிறான்.

டயகமவில் இறங்கும்போது என் மாணவனிடம் ஒரு தாளை நீட்டினேன். கணினித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் இருவரின் முகவரிகள் அதில் இருந்தன. “நான் சொன்னேன் என்று சொல்” என்றேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இன்றைக்கு இரவே எழுதுகிறேன், சேர்” என்றான்.

வாசகர்களே, உங்களிடமும் அப்படிப்பட்ட பெயர்கள் இரண்டாவது இருக்கும். அவை யாருக்குத் தேவை என்று இந்த ஞாயிற்றுக்கிழமை சற்று எண்ணிப் பாருங்கள்.