எட்டு ஜன்னலும் ஒரு திரையும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். கட்டிய வீட்டை விட்டுப் போய்ப் பார் என்பதுதான் அது. முதல் இரண்டும் பணத்தையும் பொறுமையையும் சோதிப்பவை. மூன்றாவது மனதைச் சோதிப்பது.

மைசூர், பெங்களூர், கோவை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் காட்சி ஒன்றுதான். பிள்ளைகள் அமெரிக்காவிலோ புனேயிலோ இருப்பார்கள். நான்கு படுக்கையறை வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கும். மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. ஆனாலும் ‘இது நாங்கள் கட்டிய வீடு’ என்ற ஒரு வாக்கியம் எல்லா யோசனைக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிடும். சின்ன வீட்டுக்குப் போவது தோற்றுப்போவதற்குச் சமம் என்று ஊர் நினைக்கிறது. போகவேண்டியவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் மைசூர்வாசி ஒருவரின் அனுபவம் உதவும். அவர் ஆர்.கே. நாராயண். சென்னை புரசைவாக்கத்தில் 1906இல் பிறந்தவர். தந்தை மைசூரில் தலைமை ஆசிரியராக இருந்ததால் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். 1935இல் முதல் நாவல் வந்தது. பெயர் வந்ததே தவிர, பணம் அவ்வளவாக வரவில்லை. 1939இல் மனைவி டைபாய்டில் இறந்தார். சிறு பெண் குழந்தை, தாய், சகோதரர்கள் என்று லட்சுமிபுரத்தில் கூட்டுக் குடும்ப வாழ்க்கை. அதுவும் வாடகை வீட்டில்.

சொந்த வீடு என்ற எண்ணம் செயலானபோது நாராயணுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ரயில் நிலையத்துக்கு அருகே யாதவகிரியில் மனை வாங்கி, 1940களின் கடைசியில் தொடங்கிய கட்டட வேலை 1950களின் தொடக்கம் வரை இழுத்தது. ஒரு வழியாக வீடு தயாரானபோது இன்னொரு சிக்கல். பழகிய தெருவை விட்டுவிட்டு அவ்வளவு தள்ளிப் போக வீட்டிலுள்ளவர்களுக்கு மனமில்லை. வாடகை வீடுதான், ஆனாலும் பழகிவிட்டது. ஆகவே புது வீட்டில் குடும்பம் உடனே குடியேறவில்லை. கொஞ்ச காலம் அது நாராயண் பகலில் போய் எழுதும் இடமாக மட்டுமே இருந்தது. பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம் என்பதில்லை. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போவதும் கஷ்டம்தான். மனிதர்களைப் பிடித்து வைப்பது சதுர அடி அல்ல, பழக்கம்.

எழுதுவதற்கென்றே நாராயண் ஆசை ஆசையாக மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார். வளைந்த முகப்பு, எட்டு ஜன்னல்கள். ஒரு பக்கம் சாமுண்டி மலைக் கோயில், மறு பக்கம் ஊரின் கோபுரங்களும் குவிமாடங்களும், சரிவில் மேயும் ஆடு மாடுகள், நடுவே ரயில் பாதை. எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நடந்தது வேறு. உட்கார்ந்தால் கண் வெளியே போய்விடுகிறது, பேனா ஓடவில்லை. கடைசியில் ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டு மறைத்தார். அதன் பிறகுதான் நாளுக்கு ஆயிரம் வார்த்தைகள் என்ற கணக்கில் எழுத முடிந்தது. இதை அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய பாடம் இந்தத் திரையில் இருக்கிறது. வேண்டும் என்று நினைத்தது எட்டு ஜன்னல். உண்மையில் தேவைப்பட்டது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கவனத்தைக் கலைக்காத ஒரு சுவர். அவருக்கு 1960இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘தி கைட்’ நாவலின் பெரும் பகுதி இந்த வீட்டில்கூட எழுதப்பட்டதல்ல. 1956இல் அமெரிக்கா போயிருந்தபோது, பெர்க்லியில் ஒரு ஓட்டல் அறையில் எழுதப்பட்டது.

யாதவகிரி வீட்டில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, 1990களின் தொடக்கத்தில் நாராயண் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். உடல்நிலை ஒரு காரணம். மகள் குடும்பம் அங்கே இருந்தது மற்றொரு காரணம். எண்பத்தைந்தை ஒட்டிய வயதில் ஊர் மாறுவது சின்ன முடிவல்ல. 1994இல் மகளும் இறந்துபோனது பெரிய இடி. ஆனால் மாலையில் நண்பர்கள் வந்தார்கள். காபியும் பேச்சுமாக இரவு நீண்டது. 2001 மே மாதம் சென்னையிலேயே காலமானார். மால்குடியைப் படைத்தவர் மைசூரை விட்டுப் போனதால் மால்குடி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வீட்டின் கதை அதோடு முடியவில்லை. வாரிசுகள் அதை விற்றார்கள். 2011 செப்டம்பரில் இடிக்கும் வேலை தொடங்கியது. பத்திரிகைகளில் செய்தி வந்து எதிர்ப்பு கிளம்பியதும் மாநகராட்சி தலையிட்டு நிறுத்தியது. அரசு செலவில் வாங்கவேண்டுமா, இங்கிலீஷில் எழுதிய தமிழருக்கு நினைவகமா என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். எல்லாம் கடந்து 2016 ஜூலையில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே இன்று அவருடைய கோட்டும் கண்ணாடியும் விருதுகளும் இருக்கின்றன.

நாராயணின் வீட்டுக்கு ஊர் திரண்டது. மற்றவர்களின் வீடுகளுக்கு யாரும் திரளப்போவதில்லை. அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பிள்ளைகள் பத்து நாள் லீவில் வந்து, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு விமானம் ஏறுவதுதான் வழக்கம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த முடிவைப் பெற்றவர்களே, தெம்பு இருக்கும்போதே எடுத்தால் சில சௌகரியங்கள் உண்டு. எந்தத் தெரு, எந்த டாக்டருக்குப் பக்கம், ஊஞ்சலை எடுத்துப் போவதா கொடுத்துவிடுவதா என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு இவற்றைத் தீர்மானிக்க முடியாது.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. பல ஆண்டு வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபத்தை, இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ பயன்படுத்தினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வருமான வரியில் விலக்கு உண்டு. சின்ன வீட்டின் விலை போக மிஞ்சும் லாபத்துக்கு வரி கட்டவேண்டும். ஆனால் கையில் நிற்கும் பணம் மருந்துக்கும் யாத்திரைக்கும் ஆகும். விற்கவே மனமில்லாதவர்களுக்கு, வீட்டை அடமானமாக வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறும் திட்டம் 2007இலிருந்து இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான இந்தத் திட்டம் நம்மவர்களிடம் பெரிதாக எடுபடவில்லை. வீட்டை அடகு வைப்பது என்ற சொல்லே கூச்சம் தருகிறது போலும்.

கூச்சத்துக்கு மருந்து ராஜாஜி. சேலத்தில் செழிப்பாக நடந்த வக்கீல் தொழிலை விட்டவர், 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் குடிசை போட்டுக் குடியேறினார். 1948இல் கவர்னர் ஜெனரலாகி 340 அறைகள் கொண்ட டெல்லி மாளிகையில் இருந்தார். 1950 ஜனவரியில் அதை விட்டு வெளியே வந்தார். கடைசிக் காலத்தில் வாழ்ந்தது தியாகராய நகர் பசுல்லா சாலை வீட்டில். மாளிகையை விட்டதால் அவர் சிறுத்துப்போனார் என்று எதிரிகள்கூடச் சொன்னதில்லை.

எல்லோரும் உடனே மூட்டை கட்டவேண்டும் என்பதில்லை. பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு எவ்வளவு பெரிதானாலும் பெரிதல்ல. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை தூசி தட்டுவதற்காக மட்டும் திறக்கிற அறைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. அவையெல்லாம் எட்டு ஜன்னல் கணக்கில் சேர்பவை.